திருடிய பிறகு அவன் என்ன செய்வான்?

கேள்வி: சில ஆண்டுகளாகச் சிறுகதைகள் எழுதிவரும் நான், முதல் நாவலாக ஒரு த்ரில்லரை எழுதிக்கொண்டிருக்கிறேன். தியாகுவும் சந்தானமும் ஒரே எழுத்தாளர் வட்டத்தில் பழகும் நண்பர்கள். இருவருடைய எழுத்தையும் எந்தப் பதிப்பகமும் ஏற்கவில்லை. சந்தானம் ஒரு நாவலை எழுதி முடித்த சில நாட்களில் விபத்தில் இறந்துவிடுகிறான். வேறு எவரும் பார்த்திராத அந்தக் கைப்பிரதியைத் தியாகு தன் பெயரில் வெளியிட்டு, பெரிய பரிசும் பெறுகிறான். பெயரில்லாத மிரட்டல் கடிதங்கள் வருகின்றன. அனுப்பியவர் என்று தான் சந்தேகிக்கும் ஒருவரை அவன் கொன்றுவிடுகிறான். இறுதியில் ஒரு பத்திரிகையாளர், எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளைக் கொண்டு உண்மையை வெளிப்படுத்துகிறார். கதையைத் தியாகுவே தன்மையில் சொல்கிறான். முக்கால் பங்கு முடிந்துவிட்டது. இந்த முடிவு நம்பும்படி இருக்கிறதா? படித்துப் பார்த்த இருவர், திருட்டு நடந்த இடத்திலேயே தியாகுவின் மீது அக்கறை போய்விட்டது என்கிறார்கள்; அதை எப்படிச் சரிசெய்வது? மேலும், இந்தக் கதைக்கரு எங்கள் வட்டத்தில் நடந்த ஒரு பேச்சில் பிறந்தது. அது தன்னுடையது என்று ஒரு நண்பர் இப்போது சொல்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நாவலின் முடிவைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்வது எளிது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். அந்த முடிவு நிற்காது. எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிகள் மட்டுமே. தம்மிடம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் இணையப் பக்கங்கள், ஆய்விதழ்கள், மாணவர் கட்டுரைகள், வெளியான நூல்கள் ஆகியவற்றோடு புதிய பிரதியை ஒத்துப் பார்த்து, எங்கெங்கே சொற்றொடர்கள் பொருந்துகின்றன என்று காட்டுவதற்கு மேல் அவற்றால் எதுவும் ஆகாது. சந்தானத்தின் நாவலை வேறு எவரும் பார்த்ததில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லை, மென்பொருள் தியாகுவுக்கு நற்சான்றிதழ்தான் வழங்கும். அந்த நற்சான்றிதழை நாவலின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோனால் நன்றாகப் பயன்படும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் சந்தேகம் எழும்போது தியாகுவே முன்வந்து சோதனைக்கு ஒப்புக்கொள்ளட்டும். பிரதி சுத்தமானது என்று அறிக்கை வரட்டும். உலகம் அவனை நம்பிய அந்த நாளிலிருந்து அவனுடைய அச்சம் கூடத் தொடங்கட்டும்.

வெளியாகாத ஒரு கைப்பிரதி திருடப்பட்டதை வேறு தடயங்கள் காட்டிக்கொடுக்கும். ஒன்று, கோப்பு. கணினியில் எழுதப்பட்ட ஒரு கோப்பு, அதை உருவாக்கியவரின் பெயர், உருவான நாள், எத்தனை முறை சேமிக்கப்பட்டது, மொத்தம் எவ்வளவு நேரம் திருத்தப்பட்டது என்பன போன்ற விவரங்களைப் பெரும்பாலும் தனக்குள்ளேயே வைத்திருக்கும். முந்நூறு பக்க நாவலின் கோப்பில் மொத்தத் திருத்த நேரம் நாற்பது நிமிடம் என்று இருந்தால் அதற்கு ஒரு விளக்கம் வேண்டும். இதை அறிந்த தியாகு, முழு நாவலையும் தானே புதிதாகத் தட்டச்சு செய்துவிடலாம். ஆனால் அங்கேயும் ஒரு வம்பு இருக்கிறது. பார்த்துத் தட்டச்சு செய்கிறவன் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடிக்கிறான். எழுதுகிறவனோ ஒன்பதாம் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் அத்தியாயத்துக்குத் திரும்பி ஒரு பாத்திரத்தையே நீக்குகிறான், பத்திகளை இடம் மாற்றுகிறான், ஒரு வாரம் எதையும் எழுதாமல் விட்டுவிட்டு ஓர் இரவில் இருபது பக்கம் எழுதுகிறான். இணையச் சேமிப்பில் உள்ள பதிப்பு வரலாறு இந்தத் தடுமாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்கிறது. தடுமாற்றமே இல்லாத வரலாறு, அனுபவமுள்ள எடிட்டர் ஒருவரின் புருவத்தை உயர்த்தப் போதுமானது.

முற்படிகளுக்கு, அதாவது அடித்துத் திருத்திய முந்தைய வரைவுகளுக்கு, இருக்கும் மதிப்பை உணர, ரஷ்ய எழுத்தாளர் மிகயீல் ஷோலகவ் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டின் வரலாற்றை நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும். டான் நதிக்கரைக் கோசாக்குகளைப் பற்றிய அவருடைய நாவலின் முதல் பகுதிகள் 1928இல் வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். இவ்வளவு இளையவர் இதை எழுதியிருக்க முடியாது, புரட்சியை எதிர்த்துப் போரிட்ட வெள்ளைப்படையைச் சேர்ந்த, இறந்துபோன அதிகாரி ஒருவரின் கைப்பிரதியைத்தான் அவர் தன் பெயரில் வெளியிட்டார் என்று வதந்தி பரவியது. 1929இல் எழுத்தாளர் குழு ஒன்று அவருடைய கைப்பிரதிகளைப் பார்வையிட்டு அவர் குற்றமற்றவர் என்றது. ஆயினும் 1965இல் நோபல் பரிசு கிடைத்த பிறகும் வதந்தி ஓயவில்லை, எழுபதுகளில் அது மீண்டும் எழுந்தது. 1984இல் நார்வே நாட்டு அறிஞர் கெய்ர் ஹெட்ஸோவும் அவருடைய குழுவினரும் நடையைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, நாவல் அவருடையதே என்ற முடிவுக்கு வந்தார்கள். காணாமற்போனதாகக் கருதப்பட்ட கைப்பிரதி 1999இல்தான் மீட்கப்பட்டது. திருடியதாகச் சொல்லப்பட்ட ஒருவருக்கே முற்படிகள் இவ்வளவு தேவைப்பட்டன என்றால், உண்மையிலேயே திருடிய தியாகு, இல்லாத முற்படிகளை என்றாவது ஒருநாள் தானே உருவாக்கித் தீரவேண்டியிருக்கும். முடிந்துபோன நாவலிலிருந்து பின்னோக்கி நடந்து, சந்தானம் செய்திருக்கக்கூடிய பிழைகளைக் கற்பனை செய்து, அடித்துத் திருத்திய பக்கங்களை அவன் இரவுகளில் தயாரிப்பதாக ஓர் அத்தியாயம் எழுதிப் பாருங்கள். உங்கள் கொலைக் காட்சியைவிட அது அதிகம் அச்சுறுத்தும்.

நடையை அளந்து ஆசிரியரைக் கண்டறியும் முறையைப் பற்றி இரண்டு வார்த்தை. 1964இல் மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் அமெரிக்க அரசியலமைப்பு குறித்த பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டுரைகள் சிலவற்றின் ஆசிரியர் யார் என்ற பழைய கேள்வியை, கட்டுரைகளில் வரும் மிகச் சாதாரணமான இணைப்புச் சொற்களை எண்ணியே தீர்த்தார்கள். 2013இல் ராபர்ட் கால்பிரெய்த் என்ற புதியவரின் துப்பறியும் நாவலை எழுதியது ஜே.கே. ரௌலிங் என்ற ஐயத்துக்கு வலுச்சேர்த்ததும் இத்தகைய ஆய்வுதான். ஒருவர் விரும்பிப் பயன்படுத்தும் அலங்காரச் சொற்களை இன்னொருவர் போலச்செய்துவிடலாம்; ‘கூட’, ‘ஆனால்’, ‘என்று’ போன்றவற்றை எவ்வளவு அடிக்கடி, எந்த இடத்தில் போடுகிறோம் என்பது நம் கவனத்துக்கே வராத பழக்கம் என்பதால் அதைப் போலச்செய்வது கடினம். ஆனால் இந்த முறை நிகழ்தகவைத்தான் சொல்லும், தீர்ப்புச் சொல்லாது. மேலும் ஒப்பிடுவதற்குச் சந்தானம் எழுதியவை போதுமான அளவில் கிடைக்க வேண்டும். அவன் வட்டத்தில் வாசித்த கதைகளின் படிகள் யாரிடம் இருக்கின்றன என்பது அப்போது உயிர்போகும் கேள்வியாகிவிடும் அல்லவா?

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த தடயம் பிழை. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் நன்கு அறிந்த செய்தி இது: இரண்டு சுவடிகள் ஓர் இடத்தில் ஒரே சரியான சொற்களைக் கொண்டிருப்பதால் அவற்றுக்கு உறவு உண்டு என்று சொல்லிவிட முடியாது, இரண்டும் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்திருந்தால், ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதப்பட்டது, அல்லது இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று சொல்லலாம். அகராதி, கலைக்களஞ்சியம் ஆகியவற்றைத் தொகுப்பவர்கள் பிறர் நகலெடுப்பதைப் பிடிக்க வேண்டுமென்றே பொய்ப்பதிவுகளைச் சேர்ப்பதும் இதே தருக்கத்தில்தான். 1975இல் வெளியான கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லில்லியன் வர்ஜினியா மவுண்ட்வீசல் என்ற புகைப்படக் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பு இருக்கிறது. எரிபொருள்களைப் பற்றிய ஓர் இதழுக்காகப் பணியாற்றும்போது வெடிவிபத்தில் இறந்ததாக அது சொல்கிறது. அப்படி ஒருவர் பிறக்கவும் இல்லை, வெடித்து இறக்கவும் இல்லை. சந்தானம் தன் நாவலில் ஒரு தெருவைத் தவறான திசையில் வைத்திருக்கட்டும். இறந்துபோன ஒரு பாத்திரத்தை நூறு பக்கம் கழித்து மறதியாகப் பேசவைத்திருக்கட்டும். அல்லது வட்டத்தில் ஒரே ஒருவரோடு பகிர்ந்துகொண்ட கேலி ஒன்றை ஒரு பாத்திரத்தின் பெயராக மறைத்துவைத்திருக்கட்டும். தியாகு அழகான வரிகளையெல்லாம் மாற்றிவிட்டு, கண்ணில் படாத அந்த ஒன்றை மட்டும் அப்படியே விட்டுவிடுவான்.

அதைக் கண்டுகொள்வது யார்? பத்திரிகையாளர் வேண்டாம், அவருக்கு இந்தக் கதையில் இழக்க எதுவும் இல்லை. சந்தானம் தன் நாவலை இறப்பதற்கு முன் ஒரு பதிப்பகத்துக்கு, எவரிடமும் சொல்லாமல், அனுப்பியிருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து குவியும் கைப்பிரதிகளைக் குறைந்த ஊதியத்துக்கு முதலில் படித்துக் கழித்துக்கட்டும் வேலையை அங்கே ஒரு பெண் செய்கிறாள். அவளும் எழுதுகிறவள், அவளுடைய நாவலும் எங்கும் ஏற்கப்படவில்லை. சந்தானத்தின் நாவலை நிராகரித்தவளே அவள்தான். அது இன்னொருவன் பெயரில் பரிசு பெற்றதைப் பார்க்கும்போது அவள் முன் நிற்பது உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி மட்டும் அன்று. சொன்னால், நல்ல எழுத்தை அடையாளம் காணத் தவறியவள் என்று தன்னையும் காட்டிக்கொடுக்க வேண்டும். சொல்லாமல் தியாகுவிடம் பேரம் பேசினால், தன் நாவலுக்கு அவனுடைய பரிந்துரை கிடைக்கலாம். மிரட்டல் கடிதத்தைப் பெயரில்லாமல் எழுத அவளுக்கு இருக்கும் காரணம், இப்போது உங்கள் கதையில் இருக்கும் காரணத்தைவிட வலுவானது. ஏங்கிக் கிடக்கும் எழுத்தாளர்களைப் பற்றிய நாவலில் ஏக்கம் ஒருவனிடம் மட்டும் இருப்பது போதாது.

இனி, உங்கள் முதல் வாசகர்கள் சொன்ன குறை. அவர்கள் உணர்ந்தது சரி. சொன்ன காரணத்தோடு நான் உடன்படவில்லை. திருடுகிறான் என்பதற்காக வாசகர்கள் ஒரு பாத்திரத்தைக் கைவிடுவதில்லை. உங்கள் கதையில் திருட்டு ஒரே அடியில் நடந்துவிடுகிறது. சந்தானம் இறந்தான், கைப்பிரதி கிடைத்தது, தியாகு எடுத்துக்கொண்டான். முடிவெடுக்கும் மனத்தை நாம் பார்க்கவே இல்லை. வாசகர் அவனை மன்னிக்க வேண்டியதில்லை; ஒவ்வோர் அடியிலும் ‘இதுவரை வந்தவன் இன்னும் ஓர் அடி வைப்பான்’ என்று அவருக்குத் தோன்றினால் போதும். தியாகு முதலில் நண்பனின் கையெழுத்தைத் தட்டச்சு செய்ய மட்டும் முன்வரட்டும். எழுத்துப்பிழைகளைத் திருத்துகிறான், பிறகு, தெளிவில்லாத ஒரு பத்தியைச் சீராக்குகிறான், காணாமற்போன நான்கு பக்கங்களைத் தானே எழுதி இட்டு நிரப்புகிறான், அந்த நான்கு பக்கங்கள் நன்றாகவும் அமைந்துவிடுகின்றன. பதிப்பகத்துக்குத் தன் மின்னஞ்சலிலிருந்து அனுப்புகிறான், முதல் பக்கத்தில் பெயர் எதுவும் இல்லை. ‘உங்கள் நாவல் எங்களை உலுக்கிவிட்டது’ என்று பதில் வருகிறது. அவன் இதுவரை எந்தப் பொய்யும் சொல்லவில்லை. அந்தப் பதிலுக்கு மறுமொழி எழுதாமல் அவன் கடத்தும் இரண்டு நாட்களில்தான் உங்கள் நாவலின் குற்றம் நடக்கிறது. அந்த இரண்டு நாட்களுக்கு இருபது பக்கம் கொடுத்தாலும் தகும்.

பதிப்பக ஒப்பந்தம் அடுத்து வருகிறது. இந்தப் படைப்பு முழுக்க என்னுடைய சொந்த ஆக்கம், இதனால் எவருடைய உரிமையும் மீறப்படவில்லை, இது பொய்யென்று தெரியவந்தால் பதிப்பகத்துக்கு ஏற்படும் இழப்பை நானே ஈடுசெய்வேன் என்ற வாசகங்கள் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். எழுத்தாளர்கள் அவற்றைப் படிக்காமலே கையெழுத்திடுவார்கள். உலகத்தில் அந்தப் பகுதியை ஒவ்வொரு சொல்லாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடும் ஒரே எழுத்தாளன் தியாகுவாக இருப்பான்.

ஆனால் எடிட்டராகப் பணியாற்றும் என் கண்ணுக்கு, உங்கள் கதையின் பெரிய புதையல் இதற்கும் பின்னால் இருக்கிறது. நீங்கள் அதைத் தொடவே இல்லை. ஒரு நாவலைப் பதிப்பகம் ஏற்றுக்கொண்ட பிறகு, அதை எழுதியவரிடம் நாங்கள் ஓயாமல் கேள்வி கேட்போம். ஏழாம் அத்தியாயத்தில் அவள் ஏன் அந்தக் கடிதத்தைப் பிரிக்கவில்லை? இந்தக் கிழவர் பாத்திரம் இல்லாவிட்டால் என்ன இழப்பு? முடிவை இன்னும் ஓர் அத்தியாயம் முன்னதாக நிறுத்தினால் என்ன? எழுதியவருக்கு விடை தெரியாமல் இருக்கலாம், ஆனால் எங்கே தேடுவது என்று தெரியும். தியாகுவுக்குக் கிடைத்திருப்பது வீடு. அதைக் கட்டும்போது எந்தச் சுவர் பாரம் தாங்குவது என்று தீர்மானித்தவன் செத்துவிட்டான், எடிட்டரோ கடப்பாரையோடு வந்து நிற்கிறார். தியாகு கூர்மையான வாசகன் என்பதால் சில கேள்விகளுக்கு அருமையாக விடை சொல்வான். ஒரு கேள்விக்குத் தவறான விடையைச் சொல்லி, நாவலின் உயிரான ஒரு காட்சியை வெட்ட ஒப்புக்கொள்வான். வெட்டியது பிழை என்று அவனுக்குப் பின்னர் புரியும். இறந்தவனை அவன் இரண்டாவது முறை இழப்பது அப்போதுதான்.

அதன் பின் இரண்டாவது நாவல். வெற்றிபெற்ற முதல் நாவலின் ஆசிரியரிடம் அடுத்தது எப்போது என்று கேட்காத பதிப்பாளர் கிடையாது. முன்பணத்தோடு இரண்டு நூல்களுக்குச் சேர்த்தே ஒப்பந்தம் போடுவதும் உண்டு. உங்கள் த்ரில்லருக்கு வேண்டிய கடிகாரம் இதுதான். துப்பறிபவர் நெருங்கி வருகிறார் என்ற அச்சத்தை நாம் எத்தனையோ கதைகளில் பார்த்துவிட்டோம். ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்குகிறது, கையில் எழுதப்பட்ட பக்கங்கள் எல்லாம் மோசமாக இருக்கின்றன, அவை மோசம் என்று அறியும் அளவுக்கு மட்டும் தனக்குத் திறமை இருக்கிறது என்ற அச்சம், எழுத முயன்ற எவரையும் நாற்காலியில் கட்டிப்போடும். உங்கள் நாவலின் அடிநாதமான பேராசையும் அங்கேதான் முழுதாக வெளிப்படும். தியாகு புகழை விரும்பித் திருடியவனாக இருந்தால் புகழ் கிடைத்ததும் கதை முடிந்துவிடும். தான் எழுத்தாளன் என்பதை நிரூபிக்கத் திருடியவனாக இருந்தால், ஒவ்வொரு பாராட்டும் அதற்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

கொலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்காமலே சொல்கிறேன். அதை எடுத்துவிடுங்கள், அல்லது குறைந்தது நாவலின் கடைசி ஆறில் ஒரு பங்குக்குத் தள்ளிவையுங்கள். (எழுத்தாளர்கள் பொதுவாக வேலையை ஒத்திப்போடுபவர்கள்; கொலையை மட்டும் உடனே செய்துமுடிப்பார்கள் என்று நம்புவதற்குக் காரணம் எதுவும் இல்லை.) உங்கள் பிரதியில் அது வருவது, கதை தளரும்போது வேகம் கூட்டுவதற்காகத்தான் என்று நினைக்கிறேன். மேலே சொன்னவை உள்ளே வந்துவிட்டால் அந்தத் தளர்ச்சி இருக்காது.

கூற்றுமுறையில் மறைந்திருக்கும் சிக்கலையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். தியாகுவே கதை சொல்கிறான், அதுவும் மிக நன்றாகச் சொல்கிறான் என்றால், ‘இவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவன் ஏன் திருடினான்?’ என்று வாசகர் கேட்பார். மோசமாகச் சொல்கிறான் என்றால் உங்கள் நாவலையே எவரும் படிக்க மாட்டார்கள். தப்பிக்க ஒரு வழி உண்டு. தியாகுவுக்கு நல்ல நடையைக் கொடுங்கள், ஆனால் எதையும் பணயம் வைக்காத நடையாக அது இருக்கட்டும். பிறரைத் துல்லியமாகக் கவனிக்கிறான், பொறாமையில் கூர்மையாக இருக்கிறான், தன்னைப் பற்றிப் பேச வேண்டிய இடம் வந்ததும் வேறெங்கோ நழுவிவிடுகிறான். சந்தானத்தின் நாவலிலிருந்து மிகக் குறைவாக மேற்கோள் காட்டுங்கள். உலகமே வியந்த பக்கங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கங்களைக் காட்டினால் அந்த வியப்பை நீங்கள் எழுதியாக வேண்டும். காட்டும் நான்கைந்து வரிகளில், தியாகு ஒருபோதும் துணியாத ஒன்றைச் சந்தானம் செய்திருக்க வேண்டும்.

சட்டத்தில் உங்கள் கதைக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. கைப்பிரதித் தாள்களை வைத்திருப்பதும் அதன் பதிப்புரிமையை வைத்திருப்பதும் வெவ்வேறு. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் பதிப்புரிமை எந்தப் பதிவும் இல்லாமல் எழுதியவுடனேயே பிறந்துவிடுகிறது. ஆசிரியர் இறந்த பிறகும் குறைந்தது 50 ஆண்டுகள், பல நாடுகளில் 70 ஆண்டுகள் அது நீடிக்கிறது, அவருடைய வாரிசுகளைச் சென்றடைகிறது. படைப்புக்குத் தானே ஆசிரியர் என்று உரிமைகோரும் தார்மிக உரிமை 1928இல் அந்த உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது. ஆகவே சந்தானத்தின் தாய் அழுதுகொண்டே, ‘இதையெல்லாம் நீயே வைத்துக்கொள் தம்பி’ என்று நோட்டுப் புத்தகங்களைத் தியாகுவிடம் கொடுத்தாலும் அவர் கொடுத்தது தாள்களைத்தான். நாவல்கள் படிக்கும் பழக்கமே இல்லாத அந்தத் தாய், தெரியாமலே இந்தக் கதையின் மிகப் பெரிய உரிமையாளராக நடமாடுவார். பிரெஞ்சு எழுத்தாளர் கொலெத்தின் முதல் நாவல்கள் 1900 முதல் அவருடைய கணவர் வில்லியின் பெயரில் வெளிவந்தன. பிரிவுக்குப் பிறகு மூலக் கைப்பிரதிகளை அழித்துவிடும்படி வில்லி தன் செயலரிடம் சொன்னார், செயலரோ எல்லாவற்றையும் அழிக்கவில்லை. எஞ்சியவற்றில் கொலெத்தின் கையெழுத்தும் ஓரங்களில் வில்லியின் குறிப்புகளும் இருந்தன. அழிக்கச் சொல்லப்பட்ட ஒருவர் அழிக்காமல் விடுவது, உங்கள் மென்பொருளைவிட எவ்வளவு மனிதத்தன்மையுள்ள முடிவு என்று எண்ணிப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் நண்பர். பொதுவான விதியைப் பொறுத்தவரை அவருக்குச் சட்டப்படியான பிடிமானம் குறைவு. பதிப்புரிமை வெளிப்பாட்டைக் காக்கும், கருத்தைக் காக்காது என்பது உலக வணிக அமைப்பின் 1994ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இறந்த நண்பனின் நாவலை ஒருவன் தன்னுடையதாக்கிக்கொள்கிறான் என்ற அளவிலான கரு உங்களுக்கும் சொந்தமில்லை, அவருக்கும் சொந்தமில்லை, பலர் கையாண்ட பழைய கரு அது. ஆனால் அவர் சொன்னது அந்த ஒரு வரியோடு நின்றதா, அல்லது நிகழ்ச்சிகளின் வரிசை, திருப்பங்கள், பாத்திரங்களின் குணம் என்று விரிவாகச் சொன்னாரா, எழுதிக் காட்டினாரா என்பதைப் பொறுத்து விடை மாறும். இரண்டாவது நிலை என்றால் உங்கள் பகுதியில் உள்ள பதிப்புரிமை வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

இதில் உங்கள் நினைவையும் அவருடைய நினைவையும் ஒரே அளவில் சந்தேகியுங்கள். 1989இல் பிரவுன், மர்ஃபி என்ற உளவியலாளர்கள், குழுவாகச் சேர்ந்து எடுத்துக்காட்டுகள் சொன்னவர்கள் பின்னர் பிறர் சொன்னவற்றையே தாம் சொன்னதாக நினைவுகூர்வதைச் சோதனையில் காட்டினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பினார்கள். ஹெலன் கெல்லர் சிறுமியாக இருந்தபோது எழுதிய ஒரு கதை, முன்பு அவருக்குப் படித்துக் காட்டப்பட்டு அவர் மறந்துபோன வேறொருவரின் கதையோடு ஒத்திருந்ததால், 1892இல் பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத அவர் ஒரு விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். எழுதுவது தன்னுடையதுதானா என்ற அச்சம் அதன் பிறகும் தம்மை விடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

எனவே வாதத்தில் இறங்குவதற்கு முன், அந்தப் பேச்சு நடந்த காலத்துக் குறுஞ்செய்திகள், மின்னஞ்சல்கள், உங்கள் குறிப்பேடு ஆகியவற்றைத் தேடி எடுத்து, இருவரும் சேர்ந்து படித்துப் பாருங்கள். கரு அவருடைய பேச்சிலிருந்து வந்தது என்று தெரிந்தால், நன்றியுரையில் அதைப் பெயரோடு ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வரியை நூல் அச்சுக்குப் போவதற்கு முன்பே அவருக்கு அனுப்பி, அவருடைய ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இணை ஆசிரியர் என்ற பெயரையோ ராயல்டியில் பங்கையோ சங்கடத்தின் காரணமாக வாக்களித்துவிடாதீர்கள். அது அவர் எழுதியிருந்தால் மட்டுமே நியாயம். அவரும் இதே கருவை எழுத விரும்பினால் தாராளமாக எழுதட்டும் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கோபத்தில் அவருடைய சாயலைத் தியாகுவுக்குப் பூசியிருந்தால், அவரை அறிந்தவர்கள் அடையாளம் காணக்கூடிய ஒவ்வொன்றையும் இந்தத் திருத்தத்திலேயே மாற்றிவிடுங்கள். கரு விஷயத்தில் இல்லாத வழக்கு அவதூறு விஷயத்தில் வந்துவிடக்கூடும். இவ்வளவுக்குப் பிறகும் அவர் இணங்காவிட்டால், கிடைத்த பதிவுகளை நாள்வரிசையில் ஒரு கோப்பாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, மீதமுள்ள கால் பங்கை எழுதத் தொடங்குங்கள்.